துமாரைத் தர மாட்டேன்

அல்மாட்டி
பிப்ரவரி 27

மக்பல் அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. தங்கையின் நாயைத் திருடிக்கொண்டு போனவளுக்கு என்ன குறை, நன்றாகத்தான் இருப்பாய்.

என் எண்ணைக் கைபேசியில் தடுத்து வைத்துவிட்டாய். முப்பத்தைந்து குரல் செய்தி அனுப்பியும் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. அதனால்தான் பள்ளிக்கூடம் முடித்த பிறகு முதல்முறையாகக் காகிதமும் பேனாவும் தேடி எடுத்தேன். உங்கள் சர்கந்துக்கு வண்டி ஓட்டும் சபீரிடம் கொடுத்தனுப்புகிறேன். "அக்கா தங்கச்சி சண்டைக்கு நான்தான் தபால்காரனா?" என்று அவன் சலித்துக்கொண்டான்.

மூன்று நாள் தங்க வந்தாய். என் கையால் இறைச்சி வேகவைத்துப் போட்டேன். நாலாம் நாள் காலை நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நீயும் இல்லை, துமாரும் இல்லை. மேசைமேல் "இவளை நான் கொண்டுபோகிறேன்" என்று ஒரு துண்டுச் சீட்டு. ஒன்றேகால் கிலோ நாயைக் கோட்டுக்குள் ஒளித்து ஏழு மணி நேரம் பயணம் செய்திருக்கிறாய். ஐம்பத்திரண்டு வயதில் உனக்கு வந்த புத்தியைப் பார்.

பொமரேனியன் வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். உள்ளங்கையில் நிற்கிற குட்டி போடும் தாய் என்னிடம் அவள் ஒருத்திதான். மர்ஜானும் போடுகிறாள், ஆனால் துமார் அளவுக்குச் சின்னதாக வராது. மே மாதம் துமார் பருவத்துக்கு வருவாள். ஆண் நாய்க்குச் சொல்லிவைத்தாயிற்று. பிறக்காத குட்டியை வாங்க இரண்டு பேர் இப்போதே பெயர் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

அவளுடைய குட்டி மொன்ஷக்குக்கு ஒரு மாதம்தான் ஆகிறது. தாயைப் பிரித்துக்கொண்டு போனாயே, அதை யோசித்தாயா? இரண்டு மணிக்கொரு தரம் சொட்டுக்குழாயில் நான் பால் விட்டுக்கொண்டிருக்கிறேன். மாட்டு வைத்தியம் பார்த்துப் பார்த்து உன் மனசும் மாட்டுத்தோலாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சபீர் திரும்புகிறான். துமாரை அவனிடம் கொடுத்துவிடு. பேச்சை வளர்க்காதே.

குல்ஷாரா


சர்கந்து
மார்ச் 4

குல்ஷாராவுக்கு,

துமாரைத் தர மாட்டேன். முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய் என்று எழுதுகிறேன்.

திருடினாய் என்கிறாய். ஆமாம், திருடினேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா?

உன் வீட்டில் இரண்டாம் நாள் அவளைக் குளிப்பாட்டினேன். வயிற்றில் அறுத்துத் தைத்த தழும்பு மூன்று. முதல் இரண்டும் என் தையல், எனக்கே அடையாளம் தெரிந்தது. மூன்றாவதை யாரோ அவசரத்தில் கோணலாகத் தைத்திருக்கிறார்கள். ஐந்து வயது நாய்க்கு வாயில் ஏழு பல்தான் மிச்சம். கீழ்த்தாடையை விரலால் அழுத்தினால் வளைகிறது. இவளை இன்னொரு முறை சினையாக்கப் போகிறாய், ஆண் நாய்க்கும் சொல்லிவைத்துவிட்டாய்.

அன்று பச்சைக் கோட்டு போட்ட பெண்ணொருத்தி மர்ஜானின் குட்டியைப் பார்க்க வந்தாள். "இது வளருமா?" என்று கேட்டாள். நீ என்ன சொன்னாய்? "வளராதுங்க, இப்படியேதான் இருக்கும், தேநீர்க் கோப்பையில வெச்சுக்கலாம்." அது ஆறு வாரக் குட்டி. நீ ஐந்து மாதம் என்றாய். நாலு மாதம் கழித்து "வளர்ந்துவிட்டதே" என்று அவள் வந்து நின்றால், "நீங்க நிறையப் போட்டுட்டீங்க" என்று பழியை அவள் தலையில் கட்டுவாய். பயந்துபோய் அவள் அதைப் பட்டினி போடுவாள்.

தாயைப் பிரித்தது உண்மைதான், அது எனக்கும் உறுத்துகிறது. துமாருக்குப் பால் வற்றிப் பத்து நாளாகியிருந்தது. மூன்றாம் நாள் இரவு உன் வீட்டில் கை கால் வெட்டி இழுத்து அவள் கிடந்தபோது நான் சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், நீ பக்கத்து அறையில் விளக்கைத் திருப்பித் திருப்பி வைத்துக் குட்டியைக் கோப்பைக்குள் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். குட்டியையும் சேர்த்தே எடுத்து வந்திருக்க வேண்டும். கோட்டில் இடமிருந்தது, எனக்குத்தான் துணிச்சல் பத்தவில்லை.

இங்கே வந்த மூன்றாம் நாள் துமார் கொட்டகைக்குள் போய்ச் செம்மறிக்கடாவின் மூஞ்சிக்கு நேராக நின்று குரைத்தாள். கடா இரண்டடி பின்வாங்கியது. அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்குத் தெரியாது, உனக்கும் தெரிந்திருக்காது.

மக்பல்


அல்மாட்டி
மார்ச் 11

அக்கா,

உன் கடிதத்தை மர்ஜானுக்குப் படித்துக்காட்டினேன். அவள் கொட்டாவி விட்டாள்.

எனக்கு நீதி சொல்ல நீ யார்? என் புருஷன் வேலைக்கென்று கொரியா போய் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் வைத்தபோது, ஒற்றை அறையில் இரண்டு பெண் பிள்ளைகளோடு நான் உட்கார்ந்திருந்தேன். அப்போது துமாரின் தாயை வாங்கி வந்து என் மடியில் போட்டது யார்? "அழுதது போதும்டி, நாய் வளர்த்துப் பிழைச்சுக்கோ" என்றது யார்? சின்னக் குட்டி துவண்டு விழுந்தால் ஈறில் தேன் தடவு, கண் முழித்துக்கொள்ளும் என்று சொல்லித் தந்தது யார்? முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டு, பிறந்த தேதியை மட்டும் காலியாக விட்டு, தடுப்பூசிப் புத்தகங்களைக் கட்டுக்கட்டாக அனுப்பியது யார்? "தேதியை நீயே எழுதிக்கோ" என்று நீதான் சொன்னாய். ஆறு வாரத்தை ஐந்து மாதமாக்கியது என் பேனா. முத்திரை உன்னுடையது. இப்போது திடீரென்று புனிதவதியாகிவிட்டாய்.

நான் யார் கழுத்தையும் பிடித்து விற்கவில்லை. வருகிறவர்களே கேட்கிறார்கள், இன்னும் சின்னது இல்லையா, இன்னும் சின்னது இல்லையா என்று. என் இணையப் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் நாற்பத்தோராயிரம் பேர். நாற்பத்தோராயிரம் பேரும் முட்டாள்களா?

இன்னொரு செய்தி. நம் தம்பி கைசரின் மகனுக்கு இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி நாற்பது நாள் முடிகிறது. முகம் பார்க்கும் பரிசாக மொன்ஷக்கைக் கொடுக்கப் போகிறேன். கைசரின் மனைவி அனேல் கேட்டதும் கண்ணீரே விட்டாள், அவ்வளவு ஆசை. நாய்ச்சட்டையையும் மொன்ஷக்குக்கே கட்டப் போகிறோம். நாற்பது நாள் பிள்ளை உடுத்திய முதல் சட்டை, அதில் முடிந்த மிட்டாய், அதைச் சுமந்து ஓடும் உள்ளங்கை அளவு நாய், பின்னால் துரத்தும் பிள்ளைகள். இதுவரை யாரும் இப்படிப் படம் எடுத்துப் போட்டதில்லை. இந்த ஒன்றே என்னை எங்கேயோ கொண்டுபோய்விடும்.

அத்தை முறைக்கு நீயும் வர வேண்டும். வரும்போது துமாரைக் கொண்டு வா. கைசர் முன்னால் சண்டை போட மாட்டேன்.

குல்ஷாரா


சர்கந்து
மார்ச் 19

குல்ஷாரா,

நீ எழுதியதில் தப்பு ஒன்றுமில்லை. புத்தகம் அனுப்பினேன், தேன் தடவச் சொன்னேன், இரண்டு முறை அறுத்தேன். உனக்கு ஒரு வழி பிறந்தால் போதும் என்று மற்றதைப் பார்க்காமல் இருந்தேன். அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், சொல்கிறேன். அதற்காக துமாரைத் திருப்பித் தந்துவிடுவேன் என்று நினைக்காதே.

இப்போது அவசரமாக ஒன்று. நாய்ச்சட்டையை அந்தக் குட்டிக்குக் கட்டாதே.

வைத்தியராகச் சொல்கிறேன். அதற்கு உச்சந்தலையில் எலும்பு இன்னும் கூடியிருக்காது, விரல் வைத்தால் துடிப்பது தெரியும். மூச்சுக்குழல் ஈரக் காகிதம் மாதிரி, இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு வேளைப் பால் தப்பினாலும், திடுக்கென்று பயந்தாலும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். பிள்ளைகள் கூச்சல் போட்டுத் துரத்துவதற்கென்றே உள்ள சடங்கு அது. நாய் தப்பித்து ஓட வேண்டும், சுற்றி வர வேண்டும், பிடிபடாமல் போக்குக் காட்ட வேண்டும். அப்படி ஓடுகிற நாயைப்போல் பிள்ளை திடமாக இருக்க வேண்டும் என்றுதானே கட்டுகிறோம்? நானூறு கிராம் குட்டியிடம் எந்தத் திடத்தைக் கேட்கப் போகிறாய்?

கைசர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் டயர் கடைக்காரனிடம் ஒரு செவலை நாய் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக் கட்டுங்கள். படத்தில் அழகாக இருக்காதுதான். ஆனால் ஓடும்.

எனக்கு இங்கே கன்று ஈனும் பருவம், ஒரு நாளில் நாலு வீட்டுக்காரர்கள் வந்து கூப்பிடுகிறார்கள். வர முடியாது. கைசருக்கும் தொலைபேசியில் சொன்னேன். "பெரியக்கா, சின்னக்கா ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று நழுவிவிட்டான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான்.

மக்பல்


அல்மாட்டி
ஏப்ரல் 3

அக்கா,

கைசர் உனக்குச் சொல்லியிருப்பான். அவன் சொன்னதை நம்பாதே, அவன் அப்போது அடுப்படியில் இருந்தான். பக்கத்தில் நின்றவள் நான்.

மூச்சுக்குழல் பற்றி நீ எழுதியிருந்ததால் கழுத்தில் கட்டவில்லை. முதுகில் சுற்றி, வயிற்றுப் பக்கம் தளர்வாக முடிந்தேன். மிட்டாய் நாலே நாலு, அதுவும் சின்னது. காலையில் இரண்டு முறை பால் விட்டேன், ஈறில் தேன் தடவினேன். இதையெல்லாம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முற்றத்தில் இறக்கிவிட்டேன். பதினொரு பிள்ளைகள் கத்திக்கொண்டு வந்தார்கள். மொன்ஷக் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு உட்கார்ந்தது. பிறகு படுத்துக்கொண்டது. யாரும் மிதிக்கவில்லை, கைகூடப் படவில்லை. பெரிய பையன் ஒருவன்தான், "இது ஏன் மூச்சு விடல?" என்று கேட்டான்.

அனேலின் அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னாள். "நாய் கேட்டா பொம்மையக் கொண்டாந்திருக்கா. என் பேரன் சட்டையப் பொணத்துக்குல்ல கட்டிட்டா." முதலிலேயே நாயை வாசல் தாண்டி உள்ளே விடவில்லை அவள், அதனால்தான் முற்றத்துக் குளிரில் அத்தனை நேரம் வைத்திருந்தேன். அதை யாரும் பேசவில்லை. சட்டையை வாங்கிக்கொண்டால் தனக்கும் பிள்ளை தங்கும் என்று அனேலின் அக்கா ஒருத்தி காத்திருந்தாள், எட்டு வருடமாகக் குழந்தையில்லாதவள். நான் சட்டையை அவிழ்த்து நீட்டினேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அனேல் என்னோடு பேசுவதில்லை. பிள்ளை தும்மினால்கூட என்னால்தான் என்கிறாளாம். அதனால் எனக்கு ஒரு தாள் வேண்டும். குட்டிக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு, யார் வளர்த்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பு. இத்தனை புத்தகத்தில் குத்தியிருக்கிறாய், இன்னும் ஒன்று.

நீ எப்படியும் கேள்விப்படுவாய், நானே சொல்கிறேன். படம் எடுத்தது வீணாகவில்லை. முதல் பன்னிரண்டு வினாடியை மட்டும் வெட்டிப் போட்டேன், சட்டையோடு அது நிற்கிறவரைக்கும். இதுவரை நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். "அந்தச் சட்டை போட்ட நாய் மாதிரியே வேணும்" என்று பத்தொன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். எத்தனை திட்டு வேண்டுமானாலும் திட்டிக்கொள். நான் உட்கார்ந்து அழுதால் என் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவார்கள்?

துமார் எனக்கு இப்போது வேண்டும். முன்னைவிட அதிகமாக வேண்டும்.

குல்ஷாரா


சர்கந்து
ஏப்ரல் 12

குல்ஷாரா,

தாள் கிடையாது. அந்தக் குட்டியின் இதயத்தில் கோளாறு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நீயும் நானும் சேர்ந்து செய்த கோளாறு எனக்குத் தெரியும்.

உனக்குக் கொடுக்க முத்திரையும் இல்லை. எழுதித் தந்த புத்தகங்களின் எண்கள் என் நோட்டில் இருந்தன, முப்பத்தொன்று. மாவட்ட அலுவலகத்துக்குப் போய், இந்த முப்பத்தொன்றிலும் பிறந்த தேதி பொய், தேதி இல்லாமல் கையெழுத்துப் போட்டது நான் என்று எழுதிக் கொடுத்தேன். முத்திரையையும் மேசைமேல் வைத்தேன். அங்கிருந்த அதிகாரி சின்ன வயசுக்காரர். "யாரும் புகார் தரலியேம்மா, நீங்களே ஏன் மாட்டிக்கிறீங்க?" என்று கேட்டார். புகார் தர வேண்டியவற்றுக்குப் பேச வராது என்றேன். விசாரணை முடிகிறவரைக்கும் எந்தச் சான்றிதழிலும் நான் கையெழுத்துப் போடக் கூடாது.

உன் பெயரையும் எழுதினேன். என் பெயருக்குக் கீழேதான் எழுதினேன். கோபித்துக்கொள், அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. வாங்கியவர்களில் யாருடைய எண் கிடைத்ததோ அவர்களுக்கும் உண்மையான வயதைச் சொல்லி, வயிறாரச் சோறு போடுங்கள் என்றேன். பச்சைக் கோட்டுக்காரிக்கும் சொன்னேன். குட்டியின் எடை கூடாமலிருக்க நாளைக்கு ஒரு வேளைதான் போடுகிறாளாம், நீ சொல்லித் தந்தபடி. தொலைபேசியிலேயே அழுதாள்.

இனி துமார். ஒன்பதாம் தேதி அவளுக்கு அறுவை செய்து கருப்பையை எடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை என்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன். திறந்து பார்த்தபோது பழைய தையல் இருந்த இடம் வெங்காயச் சருகாக இருந்தது, பின்னால் வைத்த என் விரல் தெரிந்தது. இன்னொரு முறை சினையாகியிருந்தால் உள்ளேயே கிழிந்திருக்கும், ஒரே நாளில் செத்திருப்பாள். மயக்கம் தெளிந்து எழுந்தவள் முதல் வேலையாக என் கையைக் கடித்தாள். பல்லில்லாத வாய், வலிக்கவில்லை.

உன்னை எதிர்த்து நான் இதுவரை எதையும் செய்ததில்லை. அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து நீ கேட்டதையெல்லாம் கொடுத்துத்தான் பழக்கம் எனக்கு. இந்த முறை கொடுக்கவில்லை. நீ என்னை வெறுத்தாலும் சரி, என் பிணத்துக்குக்கூட வராமல் போனாலும் சரி, இதில் நான் இறங்கிவர மாட்டேன். உன்மேல் எனக்கு அன்பில்லை என்று மட்டும் சொல்லாதே.

இனி அவளால் உனக்கு ஒரு வரும்படியும் கிடையாது. வெறும் நாய். அப்படி வேண்டுமென்றால் வந்து அழைத்துக்கொண்டு போ.

மக்பல்


அல்மாட்டி
ஏப்ரல் 24

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று கைக்குக் கிடைத்த கோப்பைகளையெல்லாம் போட்டு உடைத்தேன். நீ நாசமாய்ப் போக வேண்டும் என்று சத்தமாகச் சொன்னேன். அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து நாய்களை எண்ணிக் குறித்துக்கொண்டு போனார்கள். பச்சைக் கோட்டுக்காரி என் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஆறு வாரக் கதையை எழுதிவிட்டாள். நாற்பத்தோராயிரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. நீ செய்த வேலை இது. இதற்கு நான் உன்னை மன்னிக்கவில்லை, எழுதி வைத்துக்கொள்.

இருந்தும் பத்தொன்பது பேரில் ஒருத்தி நேற்று நேரிலேயே வந்துவிட்டாள். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. சட்டை போட்ட நாய் வேண்டும் என்றாள். அந்த நாய் செத்துவிட்டது என்றேன். நம்பவில்லை, விலை ஏற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த முழுப் படத்தையும் அவள் முன்னால் ஓடவிட்டேன். நானும் நேற்றுதான் முழுசாகப் பார்த்தேன். அது நிற்கிறது, என்னைப் பார்க்கிறது, உட்காருகிறது, படுக்கிறது. பின்னால் என் குரல் கேட்கிறது. "ஓடு, ஓடு, இந்தப் பக்கம் பாத்து ஓடு" என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அது படுத்த பிறகும் சொல்கிறேன்.

அவள் கடைசிவரை பார்த்தாள். பிறகு கைபேசியை என்னிடம் தந்து, "இதே அளவுல, இன்னும் கொஞ்சம் கெட்டியா ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

வெளியே போ என்றேன். அவளுக்குப் புரியவில்லை, காசைப் பற்றிப் பேசலாம் என்றாள். அவள் காலணியை எடுத்து வாசலுக்கு வெளியே வீசினேன். போகும்போது, "உன்ன மாதிரி நூறு பேர் இருக்காங்க" என்றாள். இருக்கிறார்கள்தான். அவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித் தந்ததே நாங்கள் நூறு பேர்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நீ சொன்னதெல்லாம் சரி என்று நான் எழுதப் போவதில்லை. துமாரையும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட நாய்களுக்கு முடி வெட்டும் கடையொன்றில் வேலை கேட்டிருக்கிறேன். அது பெருமைப்படும்படி இல்லை, நீயும் படாதே.

மர்ஜானுக்கு மே ஐந்தாம் தேதிவாக்கில் நாள். உன்னிடம் சொல்லவில்லை, நீ பிப்ரவரியில் வருவதற்கு முன்பே ஆண் நாய்க்குச் சொல்லிவைத்து, நீ போன பிறகு சேர்த்தது. வயிறு பக்கவாட்டில் புடைத்துவிட்டது, நாலடி நடந்தால் படுத்துக்கொள்கிறாள். தானாகப் போட அவளால் முடியாது. மூன்றாம் தழும்பைத் தைத்தவனிடம் இவளைக் கொடுக்க மாட்டேன். சான்றிதழ் எழுதக் கூடாது என்றுதானே உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள், அறுக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. கிளம்பி வா.

அறுத்துக் குட்டிகளை வெளியே எடுத்ததும் அவளுக்கும் கருப்பையை எடுத்துவிடு. என்னைக் கேட்காதே. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன்.

குல்ஷாரா